கரண்ட் போனாலும் திறக்காத கதவு

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. உன் மனைவியைக் கூப்பிட்டால், "அவரு வெளிய போயிருக்காரு அத்தை, வந்ததும் பேசச் சொல்றேன்" என்கிறாள். அவள் பேசும்போதே பின்னால் உன் இருமல் எனக்குக் கேட்கிறது. பெற்றவளுக்குப் பிள்ளையின் இருமல் தெரியாமல் போகுமா? நேரிலேயே வந்து பார்த்துவிடலாம் என்று உன் மாமியார் வீட்டுக்கும் வந்தேன். மாடியில் பெட்டி கட்டுகிறார்கள் என்று கீழேயே உட்காரவைத்து, காபி கொடுத்து, கேட் வரைக்கும் கூட வந்து அனுப்பிவைத்தார்கள். உன் மாமியார் நல்ல மனுஷிதான், குறை சொல்லவில்லை. நான் தெருமுனை திரும்பும்போது மாடி ஜன்னல் திரை அசைந்தது. அது நீதான்.

அதனால் எழுதுகிறேன். கவரில் போட்டு உன் கையில் கொடுத்தால் படிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரான்சுக்கு விமானம் ஏறிவிடுவாய். ஆகவே நாலு பேர் படிக்கிற இடத்தில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். உன் பெயரும் இதில் இல்லை, என் பெயரும் இல்லை. நீ படித்தால் இது உனக்குத்தான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நீ படிக்காவிட்டால், நீ பூட்டு மாட்டிய கதவுகளுக்கு உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற யாராவது ஒருத்தராவது படிக்கட்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை ராசா.

நடந்தது ஊருக்கே தெரியும். நான் சமையல் வேலை பார்த்த பெண்கள் ஹாஸ்டலில் தீப்பிடித்தது, கதவு திறக்கவில்லை, சங்கீதா என்கிற பெண் மாடியிலிருந்து விழுந்தாள். அந்தக் கதவுக்கு எலக்ட்ரானிக் பூட்டு மாட்டியது நீ. ஏன் திறக்கவில்லை என்பது மட்டும் ஊருக்குத் தெரியாது. அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அதனால்தான் இரண்டு வாரமாக என் முகத்தைப் பார்க்காமல் ஓடுகிறாய்.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான், ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீ தனியாகத் தொழில் ஆரம்பித்த புதிது. புதுச்சேரி சாரத்தில் நம் வாடகை வீட்டு அடுக்களையில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மாம்பழக் காந்தத்தைப் பிடுங்கி, என் கரண்டியில் ஒட்டவைத்துக் காட்டினாய். "அம்மா, இதுல நாக்கும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. மேல நிலையில ஒரு காந்தம், கதவுல ஒரு இரும்புப் பட்டை. கரண்டு ஓடுற வரைக்கும் காந்தம் பட்டையைப் புடிச்சுக்கும். ரெண்டு மூணு ஆம்பளைங்க சேந்து இழுத்தாலும் வராது. கரண்டை நிறுத்துனா அடுத்த நிமிஷம் பச்சப்புள்ள தள்ளுனாக்கூடத் திறந்துக்கும்." பிறகு உன் சட்டைப் பையிலிருந்து வெள்ளை அட்டை ஒன்றை எடுத்தாய். அதற்குள் பேட்டரி கிடையாது, சுவரில் இருக்கிற ரீடருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ரீடர் வீசுகிற அலையிலேயே அதற்கு உயிர் வரும், உயிர் வந்ததும் தன் நம்பரைச் சொல்லும், அந்த நம்பர் ஒரு பெட்டிக்குப் போகும், இந்த ஆளை விடலாமா கூடாதா என்று பெட்டி பார்க்கும், விடலாம் என்றால் காந்தத்துக்குப் போகிற கரண்டைக் கொஞ்ச நேரம் நிறுத்தும் என்றாய். கதை சொல்வது மாதிரி சொன்னாய். புளித்தண்ணி கையோடு நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்ப கரண்ட் போயிட்டா?" என்று கேட்டேன். நம் ஊரில் முதலில் வருகிற கேள்வி அதுதானே. நீ சிரித்தாய். "திறந்துக்கும்மா. அதான் இதுல இருக்கிற நல்ல விஷயமே. ஏதாவது ஆபத்துன்னா கதவு மனுஷனைப் புடிச்சு வெச்சுக்கக் கூடாது." அன்று உன்னைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. மில் மூடிய பிறகு உன் அப்பா வேலை தேடி அலைந்த அலைச்சலில் உன்னை ஐ.டி.ஐ.யில்தான் சேர்க்க முடிந்தது. அவர் இருந்து இதைக் கேட்டிருந்தால் பெரிய மார்க்கெட்டில் பார்க்கிற ஆளையெல்லாம் நிறுத்தி என் பையன் இப்படி என்று சொல்லியிருப்பார். நான் மீன் வாங்கப் போன இடத்தில் அதைத்தான் செய்தேன். காந்தம், அலை, பெட்டி என்று நான் ஆரம்பித்தால் மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீ வஞ்சிரம் வாங்குறியா, வகுப்பு எடுக்குறியா?" என்பாள்.

நம் ஹாஸ்டலுக்குப் பூட்டு மாட்ட ஆள் வேண்டும் என்று அதை நடத்துகிற மதாம் கேட்டபோது நான்தான் உன்னைச் சொன்னேன். மதாம் கெட்டவர் இல்லை. வயசான காலத்தில் தனியாக இருந்துகொண்டு, அத்தனை வயசுப் பெண்களுக்குப் பொறுப்பு என்ற பயத்திலேயே தூங்காதவர். விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து பெண்ணைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்கள் சாப்பாடு எப்படி என்று கேட்க மாட்டார்கள். கதவு பூட்டுவீர்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். நீ மாட்டினாய். அழகாகத்தான் மாட்டினாய். உள்ளேயிருந்து வெளியே வர கதவு பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச். அதற்குப் பக்கத்தில் மாட்ட பச்சை நிறத்தில் சின்னப் பெட்டி ஒன்றும் பையில் கொண்டுவந்திருந்தாய். ஆபத்து நேரத்தில் அதை அழுத்தினால், நடுவில் யாரையும் கேட்காமல் காந்தத்துக்குப் போகிற ஒயரையே துண்டிக்கும் என்று சொன்னாய். மதாம் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வெச்சா பொண்ணுங்க டெய்லி அமுக்குங்கப்பா, வேணாம்" என்றார். நீ ஒரு நிமிஷம் நின்றாய். பிறகு அதைப் பைக்குள் திருப்பிப் போட்டாய். உனக்கு டீ கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அதற்கப்புறம் மழைக்காலம் வந்தது, கரண்ட் போக ஆரம்பித்தது. கரண்ட் போனால் பூட்டு விடும். நம் பெண்களுக்கு அது திருவிழா. விளக்கு அணைந்ததும் ஒரு கூச்சல், அடுத்த நிமிஷம் தெருமுனை பஜ்ஜிக் கடையில் அத்தனை பேரும் நிற்பார்கள். சங்கீதாதான் முதல் ஆள். எனக்கும் ஒரு மிளகாய் பஜ்ஜி பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவாள், "ஆன்ட்டி, கரண்ட்டுக்கு ஒரு கற்பூரம் ஏத்துங்க" என்பாள். அதை யாரோ ஒரு அப்பா வந்திருந்தபோது பார்த்துவிட்டார். மதாமைப் பிடித்துக் கத்தினார். மதாம் உன்னைக் கூப்பிட்டுக் கத்தினார். என்ன பூட்டுப்பா இது, கரண்ட் போனா தொறந்துக்கிற பூட்டுக்கு எங்க ஊர்ல வேற பேரு வெச்சிருக்காங்க என்றார். மறுநாள் வந்து காந்தத்துக்குத் தனியாக ஒரு பேட்டரி வைத்தாய். பெண்கள் கை வைக்காதபடி கதவுக்கு மேலே பரணில், பூட்டு போட்ட இரும்புப் பெட்டிக்குள். ஸ்விட்சையும் கதவு பக்கத்திலிருந்து கழற்றி ஆபீஸ் ரூமுக்குள் மதாம் மேஜைக்குப் பக்கத்தில் மாட்டினாய். மதாமுக்குச் சந்தோஷம். உன்னை நாலு பேருக்குச் சிபாரிசு செய்தார். இப்படித்தான் உன் தொழில் வளர்ந்தது.

உன்னை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்தவில்லை தம்பி. நம் ஊரில் இந்த வேலை செய்கிற பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பார்கள். அடிக்கடி கரண்ட் போகிற ஊரில், கரண்ட் போனால் திறக்கிற கதவை வாடிக்கையாளன் கெட்டுப்போன கதவு என்று நினைக்கிறான். திட்டு வாங்கிய ஆள் பேட்டரி வைத்துக் கொடுத்துவிடுகிறான். பேட்டரி வைத்தவன் பச்சைப் பெட்டியும் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வாடிக்கையாளனுக்கு அது வேண்டாம், நமக்கும் ஒரு வேலை மிச்சம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அது எனக்குப் புரிகிறது, சத்தியமாகப் புரிகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். வேலை விட்டுப் பெண்கள் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி தலைக்குக் குளித்துவிட்டு முடி உலர்த்திக்கொண்டிருந்தாள், இரண்டு பேர் கோயிலுக்குப் போகப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். மதாம் வெளியே போயிருந்தார். நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் வந்தது. என் அடுப்பு அணைந்து கிடந்தது, தம்பி. நான் அன்று அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே அலமாரியில்தானே மதாம் பிறகு வாங்கி வைத்த இன்வெர்ட்டரும், அட்டை நம்பரைப் பார்க்கிற உன்னுடைய அந்தப் பெட்டியும் இருந்தன? அங்கிருந்துதான் புகை. படி வழியாக அது மேலே ஏறியது. லைட் அணைந்தது, ஃபேன் நின்றது. எல்லாம் நின்ற பிறகும் கதவுக்கு மேலே காந்தத்தில் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

ஒருத்தி துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குள் ஓடி ஸ்விட்சை அமுக்கினாள். விட்டு விட்டு அமுக்கினாள். எனக்கு அப்போது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. ஸ்விட்ச் தானாகக் கதவைத் திறப்பதில்லை. அது பெட்டியிடம் சொல்ல வேண்டும், பெட்டிதான் கரண்டை நிறுத்த வேண்டும். பெட்டி முதலிலேயே எரிந்துபோய்விட்டது. நிறுத்தச் சொல்ல வேண்டியது செத்துவிட்டது, பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் உயிரோடு இருந்தது. நாங்கள் கதவை இழுத்தோம். எல்லாரும் சேர்ந்து இழுத்தோம். ஜன்னல் எல்லாம் கிரில். பின்கதவில் மதாம் போட்ட பூட்டு, சாவி மதாம் கைப்பையில். மாடியில் இருந்தவள் சங்கீதா ஒருத்திதான். படி முழுக்கப் புகை, இறங்க முடியவில்லை. பால்கனியைத் தாண்டி சன்ஷேடில் கால் வைத்திருக்கிறாள். நான் கதவைக் குத்திக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு சத்தம் கேட்டது. தேங்காய் மூட்டையைப் போட்ட மாதிரி. அது அவள்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

தெருவில் இஸ்திரி போடுகிறவரும் ஆட்டோக்காரர்களும் கடப்பாரை கொண்டுவந்து கதவைப் பெயர்த்தார்கள். பிய்ந்து வந்தது மரம்தான். இரும்புப் பட்டை காந்தத்தோடு அப்படியே மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. கதவு தரையில் கிடக்கிறது, பட்டை அந்தரத்தில் தொங்குகிறது. தீயை அணைத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, எல்லாம் அடங்கிய பிறகு நீ வந்தாய். அண்ணாந்து பார்த்தாய். ஏணி போட்டு ஏறி, பரணில் கை விட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றினாய். பட்டை ணங்கென்று கீழே விழுந்தது. எனக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. நீ ஏணியிலிருந்து இறங்கி, ஏணியை மடக்கி, என்னைப் பார்க்காமலே போய்விட்டாய். அந்தச் சத்தம் கேட்ட பிறகு எனக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சமையல்காரி அடுப்பை விட்டுவிட்டாள் என்று மதாம் போலீசில் சொல்லியிருக்கிறார். நீ அங்கே நின்றுகொண்டிருந்தாயாம், வாயைத் திறக்கவில்லையாம். கேள்விப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், உன்னைத் திட்டினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு அடங்கிவிட்டேன். அந்தப் பழி என் தலையில் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக நான் எழுதவில்லை. என்னை ஜெயிலிலா போடப் போகிறார்கள்? இந்தக் கிழவி வேறு எங்கேயாவது பாத்திரம் தேய்த்துப் பிழைத்துக்கொள்வாள்.

நீ கடைசியாக என்னிடம் பேசியது அந்த ஞாயிற்றுக்கிழமை. "நான் என்னாம்மா பண்ணேன்? கேட்டதைத்தான் செஞ்சு குடுத்தேன். எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்க. இப்ப நான் வாயைத் தொறந்தா கேசு, கேசு வந்தா விசா போச்சு. அவங்க வீட்ல பேப்பர் எல்லாம் சரிபண்ணி வாங்குறதுக்குள்ள எவ்ளோ பாடு தெரியுமா? நீ கொஞ்ச நாளைக்குச் சும்மா இரும்மா." உன் மாமனார் வீட்டுப் பிரெஞ்சுக் குடியுரிமையும், உனக்காக அங்கே பார்த்து வைத்திருக்கிற வேலையும், அதற்காக நீ பிரெஞ்சு வகுப்புக்குப் போய் நாக்கு சுளுக்கிக்கொண்டதும் எனக்குத் தெரியாதா? நீ போக வேண்டும், நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்ட வாய்தான் இது. போலீசிடம் உண்மையைச் சொல் என்றும் நான் ஆசைப்படுகிறேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அது உன் மனசு. இன்று நான் கையேந்திக் கேட்பது அது இல்லை.

மற்றக் கதவுகள், தம்பி. அதைத்தான் கேட்கிறேன். இதே மாதிரி பேட்டரி வைத்து, இதே மாதிரி ஸ்விட்சை உள்ளே மாற்றி, பச்சைப் பெட்டி இல்லாமல் நீ மாட்டிக்கொடுத்த கதவுகள். முதியோர் இல்லம் ஒன்று என்றாய், இரண்டாவது மாடியில் ஒரு டியூஷன் சென்டர் என்றாய். உழவர்கரையில் தையல் கம்பெனிக்கு மாட்டியதை மட்டும் எத்தனை தடவை சொல்லியிருப்பாய், அத்தனை பெரிய வேலை உனக்கு அதுதானே முதல். அங்கேயெல்லாம் இப்போதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தையல் கம்பெனிக்கு நான் போனேன். ஷேர் டெம்போவில் ஏறி, விசாரித்து விசாரித்துப் போனேன். மேனேஜர் உன்னைவிட இரண்டு மூன்று வயசு பெரியவர், மரியாதையாகத்தான் பேசினார். ஒரு நிமிஷம் மெயினை அணைத்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். அணைத்தார். மிஷின்கள் எல்லாம் நின்றன, பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கதவைத் தள்ளினேன். அசையவில்லை. மேனேஜர் சிரித்தார். "பாத்தீங்களாம்மா, உங்க புள்ள வேலை எவ்ளோ ஸ்ட்ராங்கு!" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அது உங்க அடுப்பால வந்த தீயுன்னு பேசிக்கிறாங்க" என்றார். சரி, என் அடுப்புதான், வைத்துக்கொள்ளுங்கள், தீ எதனால் வந்தாலும் கதவு திறக்க வேண்டாமா என்று கேட்டேன். மெயினைத் திருப்பிப் போட்டார். பிறகு, "இதுல கை வெக்கணும்னா அவரு வந்தாத்தாம்மா முடியும். பாஸ்வேர்டு அவர் கிட்ட, பேட்டரி பொட்டி சாவி அவர் கிட்ட. வேற ஆள் தொட்டா கேரண்டி கிடையாதுன்னு அவரே சொல்லியிருக்காரு. போன் பண்ணா எடுக்க மாட்றாரு" என்றார். எங்கள் இரண்டு பேர் போனையும் நீ எடுப்பதில்லை.

உனக்கு ஒரு விஷயம் ஞாபகப்படுத்துகிறேன். ஐ.டி.ஐ. முதல் வருஷம். எதிர்வீட்டு அக்காவின் இஸ்திரிப் பெட்டியை ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டு கிரிக்கெட் ஆடப் போய்விட்டாய். நடு ஆட்டத்தில் திடீரென்று பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாயாம். எர்த் ஒயரை இறுக்காமல் விட்டுவிட்டோமோ என்று சந்தேகம். அந்த அக்கா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், நீ மூச்சிரைக்கப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாய். "தம்பிக்கு என்னா ஆச்சி?" என்று அவள் கேட்டால், நீ பெட்டியைக் கழற்றிப் பார்த்தாய். ஒயர் சரியாகத்தான் இருந்தது. அன்று உன்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் கேஸ் போடவில்லை. நீயாக ஓடிவந்தாய். அந்தப் பிள்ளையைத்தான் நான் வளர்த்தேன். அவன் எங்கே போனான் என்று தெரியாமல்தான் உன் மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

சங்கீதாவைப் பார்க்கப் போகிறேன், அடிக்கடி. இடுப்பு எலும்பு. எழுந்து நடப்பாளா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. அவளுடைய அம்மா பக்கத்தில் தரையில் படுத்திருக்கிறாள். நான் யார் என்று தெரிந்தும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கதவு கெட்டியா இருக்குன்னு பாத்துத்தானேக்கா நாங்க சேத்தோம்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சங்கீதா கண்ணைத் திறந்து, "ஆன்ட்டி, கரண்ட் போச்சே, ஏன் தொறக்கல?" என்று கேட்டாள். பேட்டரி வைத்தது அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் பெரிதாகக் கரண்ட் போகவே இல்லை, பஜ்ஜிக்கு ஓட வாய்ப்பும் வரவில்லை. அந்தக் குழந்தை புகைக்கு நடுவில் மாடியில் நின்றுகொண்டு, கரண்ட் போய்விட்டது, கதவு திறந்திருக்கும், கீழே எல்லாரும் வெளியே போயிருப்பார்கள், நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருக்கிறாள். அதனால்தான் சன்ஷேடில் கால் வைத்தாள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வேலை இடத்தில், உங்கள் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் கார்டு காட்டித் திறக்கிற கதவு இருந்தால், உள்ளே நின்றுகொண்டு மெயினை அணைக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொல்லுங்கள். அப்போதும் கதவு விடவில்லை என்றால், கதவுக்குப் பக்கத்திலேயே கைக்கு எட்டுகிற இடத்தில், அழுத்தினால் காந்தத்தின் கரண்டை நேராக நிறுத்துகிற பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். யார் விளையாட்டுக்கு அமுக்கினாலும் பரவாயில்லை. திருடன் வந்தால் பொருள்தான் போகும் என்று ஒரு பைத்தியக்கார அம்மா எழுதினாள் என்று சொல்லுங்கள்.

தம்பி, இது ஒரு கதவுக்கு அரை நாள் வேலை என்று நீயே சொல்லியிருக்கிறாய். பச்சைப் பெட்டிகள் உன் பையிலேயே கிடக்கின்றன. போகிறவரைக்கும் தினம் ஒரு கதவு செய்தாலும் முடித்துவிடலாம். உனக்கு வர வெட்கமாக இருந்தால் பாஸ்வேர்டையும் பேட்டரிப் பெட்டிச் சாவியையும் உன் மனைவி கையில் கொடுத்தனுப்பு. நான் ஆள் பிடித்துச் செய்துகொள்கிறேன். உன் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன். இதைவிடக் கீழே இறங்கி ஒரு தாயால் கெஞ்ச முடியாது. காலில் விழச் சொன்னால் விழுகிறேன், நீ கதவைத் திறந்தால் போதும்.

நீ திறக்க மாட்டாய் என்று ஒரு மனசு சொல்கிறது. வெளியூர்க்காரர்களின் பிள்ளைகள், யாரோ பெற்ற பெண்கள், முகம் தெரியாது, பழகிவிடும். விமானம் ஏறிவிட்டால் இன்னும் சீக்கிரம் பழகிவிடும். அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். தையல் கம்பெனியில் தைத்த துணிக்கு நூல் பிசிறு வெட்ட ஆள் போதவில்லை என்று மேனேஜர் சொன்னார். கண் நன்றாகத் தெரிகிறது என்றேன். சேர்த்துக்கொண்டார். வெள்ளை அட்டை ஒன்று என் கழுத்திலும் மாட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டினால் உள்ளே விடும். வெளியே வர சூப்பர்வைசர் ரூமில் அவர் ஸ்விட்ச் அமுக்க வேண்டும்.

நீ எந்த நாள், எத்தனை மணிக்கு ஊரை விட்டுக் கிளம்புகிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் நேரத்தை நான் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமையிலிருந்து காலை ஒன்பது மணிக்கு நான் உன் கதவுக்கு உள்ளே போகிறேன்.

அம்மா